இறங்காமல் போட்ட கையெழுத்து

சார்,

நேற்று அம்பத்தூரில் ரயில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் கைப்பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்துத் தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டார். வாசனை வந்ததும் நீங்கள் நிற்கிறீர்களோ என்று திரும்பிப் பார்த்தேன். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பச்சைத் தைலக் குப்பியைச் செருகிக்கொண்டு திரிந்த இன்ஸ்பெக்டர் இந்த வட்டாரத்தில் நீங்கள் ஒருவர்தான். செத்துப்போனவர் பெண்கள் பெட்டியில் வந்து எதற்கு நிற்கப்போகிறார், புத்தி கெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

என் கைப்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று எனக்கு வந்திருக்கும் மெமோ. மற்றது உங்கள் பீரோவிலிருந்து வந்தது. மெமோவுக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலோடு உங்கள் பீரோக் காகிதத்தையும் சேர்ப்பதா, வேண்டாமா என்பதுதான் ஒரு வாரமாக என் தூக்கத்தைத் தின்றது. சேர்த்தால் உங்கள் நல்ல பெயர் போகும். சேர்க்காவிட்டால் எங்கேயோ, எவருடைய உயிரோ போகலாம். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் ‘பொருள்’, ‘பார்வை’ என்று தலைப்புப் போட்ட அரசாங்கக் கடிதங்கள். இன்றைக்காவது மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் நண்பர்கள் என்று சொல்ல முடியாது. நான் தாசில்தார், நீங்கள் இன்ஸ்பெக்டர். தேர்த் திருவிழா, ஆக்கிரமிப்பு அகற்றம், ஏரி உடைப்பு என்று பல இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆறிப்போன டீ குடித்திருக்கிறோம், அவ்வளவுதான். நீங்கள் நசரத்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். நான் விருதுநகர்ப் பக்கமிருந்து வேலைக்காக வந்து சென்னீர்குப்பத்தில் பிளாட் வாங்கியவள். எங்கள் லிப்ட் இருக்கும் இடத்தில்தான் உங்கள் மாமனார் கத்தரிச் செடி வைத்திருந்தார் என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்குக் கோபம் வரும். வாடகைக்கு வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை உங்களைத் தவிர வேறு எந்த அதிகாரிக்கும் நான் தெரியவிட்டதில்லை. உங்களுக்கும் நானாகச் சொல்லவில்லை, சேக்காட்டில் அன்று தெரிந்துபோனது.

எல்லையில் சண்டை மூளப்போகிறது என்று டிவிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த வாரம் அது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது செய்தி. ஆவடிப் பக்கம் அப்படி இல்லை. பீரங்கி வண்டி செய்கிற தொழிற்சாலையின் மதிலும், படை முகாமின் மதிலும் தெருவை ஒட்டியே ஓடுகிற ஊர். முதல் குண்டு இங்கேதான் விழும் என்று கீரைக்காரம்மா வரைக்கும் பேசினார்கள். சைரன் ஒத்திகை நடந்தது. விளக்கை அணைக்கச் சொன்னார்கள். சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தால் தகவல் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அது சரியான அறிவிப்புதான், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பயந்துகிடக்கிற ஊரில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தானே வரும்.

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் ஒரு மாடி வீட்டில் வடக்கேயிருந்து வந்த டைல்ஸ் ஒட்டும் வேலைக்காரர்கள் ஐந்து பேர் குடியிருந்தார்கள். அதில் ஒருவர் மொட்டைமாடியில் நின்று போனைத் தூக்கித் தொழிற்சாலைப் பக்கம் காட்டினாராம். எதிர் வீட்டில் ஒருவர் அதைப் படம்பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார். வார்டு கவுன்சிலர் அதைப் பார்த்து, நாட்டுப்பற்று உள்ளவர்கள் எல்லாரும் தெருவுக்கு வாங்க, ஒற்றனைப் பிடிக்கணும் என்று குரல் பதிவு ஒன்றைத் தட்டிவிட்டார். நாலு மணிக்குப் பத்துப் பேர். ஐந்து மணிக்குத் தெரு கொள்ளாத கூட்டம். ஐந்து பேரும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்கள், வெளியே கூட்டம் இரும்புக் கதவை உலுக்கியது.

எனக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. உடனே போ, கூட்டத்தைக் கலைக்கும் உத்தரவு கையில் தயாராக இருக்கட்டும் என்றார்கள். படிவத்தையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியும் என்றாலும் சொல்கிறேன். எங்கள் வருவாய்த் துறையில் ஒரு பழக்கம் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் கட்டுக் கட்டாக வரும். வெற்றுப் படிவத்தில் மொத்தமாகக் கையெழுத்தைப் போட்டுவைத்துவிட்டால் பெயரை உதவியாளர் நிரப்பிக்கொள்வார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. டிஜிட்டல் கையெழுத்துக்கான பென்டிரைவை ஆபரேட்டரிடமே விட்டுவிட்டுப் போகிற தாசில்தார்கள் எத்தனை பேர், நானும் அதில் ஒருத்தி. கூட்டத்தைக் கலைக்கும் உத்தரவுக்கும் எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் படிவம் அடித்துவைத்திருந்தார். இடம், நேரம் எழுதக் காலியிடம். அதன் கீழே மூன்று வரி: தடியடி, கண்ணீர்ப் புகை, துப்பாக்கிச் சூடு. தேவையற்றதைக் கோடிட்டு நீக்கவும். அதற்கும் கீழே நிர்வாக நடுவர் என்ற முறையில் தாசில்தாரின் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம்.

சேக்காடு முனையில் ஜீப் நின்றது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. நான் இறங்கவில்லை சார். மடியிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன், முத்திரையைக் குத்தினேன். இடம் எழுதவில்லை, நேரம் எழுதவில்லை, ஒரு வரியையும் நீக்கவில்லை. நீங்கள் வந்ததும் கண்ணாடியை நாலு விரல் இறக்கி நீட்டினேன்.

நீங்கள் வாங்கிப் படித்தீர்கள். “நேரம் போடலியே மேடம்” என்றீர்கள்.

“நீங்க பாத்துப் போட்டுக்கோங்க சார்” என்றேன்.

நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனீர்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். சட்டத்தில் உங்களுக்கே கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு விசாரணை என்று வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த முத்திரைதான் என்பதும் தெரியும். காப்பு கொடுத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே விழுந்தார். பார்த்தால் கவுன்சிலர். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. “எம் பேச்ச எவனும் கேக்க மாட்டேங்கிறான் மேடம்” என்றார். கூப்பிட்ட கூட்டத்தைப் பார்த்து அவருக்கே குலை நடுங்கிவிட்டது. அவர் மேல் எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது. ஆனால் எந்த யோக்கியதையில் எரிந்து விழுவது? ஊருக்குத் தலைவர் ஒருவர், சட்டத்துக்கு நடுவர் ஒருத்தி, இருவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கல் விழ ஆரம்பித்தது. உங்கள் ஏட்டய்யாவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியதை ஜீப்பிலிருந்தே பார்த்தேன். இருபது வருடம் உங்களோடு இருந்தவர், அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர். நீங்கள் அவரைத் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றினீர்கள். அந்த வேனுக்குப் பின்னால் இன்னொரு வேன். அதில் துப்பாக்கியோடு ஆறு பேர், உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு. நீங்கள் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் போனீர்கள். கொஞ்ச நேரம் உங்களைக் காணவில்லை. இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். கவுன்சிலர் வாய்க்குள் முருகா முருகா என்றார்.

வெடிக்கவில்லை. ஜீப் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். நீங்கள்.

“எறங்குங்க மேடம்.”

கையெழுத்துதான் போட்டுக் கொடுத்துவிட்டேனே என்றேன்.

“அது வேணாம். எறங்கி வந்து கண்ணால பாருங்க. பாத்துட்டு உங்க கையால எழுதுங்க. இன்னா எழுதுறீங்களோ அத்த செய்றேன்.” பிறகு பின்னால் குனிந்து கவுன்சிலரைப் பார்த்தீர்கள். “நீங்களுந்தான் தலைவரே. வாங்கன்னு கூப்ட தெரிஞ்சிச்சில்ல, ஊட்டுக்குப் போங்கன்னும் நீங்கதான் சொல்லணும்.”

உங்கள் முகம் வேர்த்துக் கறுத்திருந்தது. என் மேல் இருக்கும் கோபம் என்று நினைத்தேன். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் இறங்கினேன், தைரியம் வந்தெல்லாம் இல்லை.

இறங்கிப் பார்த்த பிறகுதான் அது கூட்டமாக இல்லாமல் ஆட்களாகத் தெரிந்தது. முதியோர் பென்ஷனுக்காக மாதா மாதம் என் அலுவலகத்துக்கு வருகிற பாக்கியம்மா ஓரமாக நின்றார். தண்ணீர் கேன் போடுகிறவர், ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த இரண்டு பேர். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம் புருசன் அந்த மதிலுக்குள்ள வேல செய்றாருங்க. குண்டு வுழுந்தா யாரு வந்து பதில் சொல்வீங்க?” என்று அழுதார். அவருக்கு நடிப்பு இல்லை. எனக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் அவருக்கும். கதவுப் பக்கம் மட்டும் ஒரு முப்பது நாற்பது பேர் வேறு மாதிரி நின்றார்கள். டீக்கடை இரும்பு பெஞ்சைத் தூக்கிவந்து கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். மாடி ஜன்னலில் ஒரு முகம் வந்து வந்து மறைந்தது.

அவங்க போட்டோ எடுத்தாங்களா இல்லையான்னு விசாரிக்கிறது நம்ம வேலை மேடம், அதை விடக் கூடாது, ஆனா தண்டிக்கிறது இவங்க வேலை இல்ல என்று நீங்கள் என் காதருகே சொன்னீர்கள். அந்த நேரத்தில் எனக்கு அது போதுமாக இருந்தது. கவுன்சிலர் ஒலிபெருக்கியை வாங்கினார். நான் போட்ட மெசேஜ் தப்பு, எனக்காக வந்தவங்க எனக்காகவே போயிடுங்க என்று மூன்று முறை சொன்னார். குரல் நடுங்கினாலும் சொன்னார், அதை நான் மறைக்க மாட்டேன். பாதித் தெரு காலியானது. பெஞ்ச்காரர்கள் போகவில்லை. நான் எச்சரித்தேன், அதற்கும் போகவில்லை.

ஜீப் பானெட் மேல் வெள்ளைத் தாளை வைத்து எழுதினேன். மாலை 5.55. தடியடி மட்டும். கதவை விட்டு விலகியவரை அடிக்கக் கூடாது. இடுப்புக்கு மேல் அடிக்கக் கூடாது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வேனை விட்டு இறங்கக் கூடாது. கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கதவு முன்னால் ஆள் இல்லை. ஐந்து பேரையும் வெளியே கொண்டுவந்தீர்கள். ஒருவர் கையில் டைல்ஸ் ஒட்டும் கரண்டி இருந்தது, அதைக் கீழே போடச் சொன்னாலும் விரல் விடவில்லை. மாடியில் போனைத் தூக்கியவர், வீடியோ காலில் மனைவி ரயிலைக் காட்டச் சொன்னாள், காட்டினேன் என்றார். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் அவர்களுடைய போன்களை வாங்கி இரண்டு நாள் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஐந்து பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இடுப்புக்குக் கீழே என்று எழுதினாலும் ஒருவரின் தோள் எலும்பு முறிந்தது. தடி என்பது எழுதியபடியா நடக்கும்? அவர் இரண்டு மாதம் கழித்து வாரிசுச் சான்றுக்காக என் மேஜை முன் கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார். “நீங்க எழுதுன ஆர்டர்தானே மேடம்?” என்றார். ஆமாம் என்றேன். “சுடச் சொல்லலியாமே. அதுக்கு நன்றி சொல்றதா இன்னா சொல்றதுன்னு தெர்ல.” கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் சொல்லிவிட்டு, சான்றை வாங்கிக்கொண்டு போனார். இதை உங்களிடம் போனில் சொன்னபோது, அப்புறம் பேசறேன் மேடம் என்று வைத்துவிட்டீர்கள்.

ஊர் உங்களைக் கொண்டாடியது. ஒரு குண்டுகூடச் சுடாமல் ஐந்து உயிரைக் காப்பாற்றிய இன்ஸ்பெக்டர் என்றார்கள். பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தப் போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள், நீங்கள் மட்டும் பல் வலிக்காரர் மாதிரி நிற்கிறீர்கள். அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கோ வேறு கவலை. நான் முதலில் கொடுத்த வெற்று உத்தரவு உங்களிடமே இருந்தது. என் கையெழுத்து, என் முத்திரை, காலி இடம், காலி நேரம். யார் கையில் கிடைத்தாலும் எந்தத் தெருவிலும் யாரையும் சுட அது போதும். அதை விடுங்கள், அந்தக் காகிதம் வெளியே வந்தால் என் வேலை போகும். மூன்று தடவை கேட்டேன். எங்கியோ போட்டுட்டேன் மேடம், கெடச்சா தர்றேன் என்று மூன்று தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். நான் உங்களைச் சந்தேகப்பட்டேன் சார். என் குடுமியைக் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார், நாளைக்கு ஏதாவது நிலப் பட்டா விவகாரத்தில் நீட்டுவார் என்று நினைத்தேன். நீங்கள் வருகிற கூட்டங்களுக்கு லீவு போட்டேன். உங்களுக்கு மாரடைப்பு என்று செய்தி வந்தபோது, சொல்ல நாக்கு கூசுகிறது, முதலில் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் உங்கள் மனைவி போன் செய்தார். உங்க பேரு போட்ட காயிதம் ஒண்ணு கீது, வந்து வாங்கிக்கினு போங்க என்றார். நசரத்பேட்டைக்கு ஆட்டோவில் போகும்போது என்ன கேட்பாரோ, யாரிடம் காட்டினாரோ என்று நூறு யோசனை. அவர் பீரோவைத் திறந்து, உங்கள் பாராட்டுச் சான்றிதழுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். “எங்கனா ஊர்ல துப்பாக்கிச் சூடுன்னு டிவில வந்தா, இத்த எடுத்து வெச்சிகினு பாத்துகினே இருப்பாரு. அன்னிக்கி அவருக்கு சோறு எறங்காது” என்றார்.

பிரித்தேன். என் கையெழுத்து இருந்தது. ஆனால் காலியிடம் இல்லை. இடம்: சேக்காடு. நேரம்: மாலை 5.40. உங்கள் எழுத்து. மூன்று வரிகளில் முதல் இரண்டின் மேல் கோடு போட்டிருந்தீர்கள். தடியடி இல்லை, கண்ணீர்ப் புகை இல்லை. மூன்றாவது வரி மட்டும் அப்படியே நின்றது.

டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நீங்கள் போனது அதற்குத்தான். ஏட்டய்யாவின் ரத்தம் உங்கள் கையில் இருந்தபோது எழுதியிருக்கிறீர்கள். ஆறு பேரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுக்க என் முத்திரை மேல். பாக்கியம்மா, அட்டை மாட்டியவர்கள், கையைப் பிடித்து அழுத அந்தப் பெண் எல்லாரும் அந்தத் தெருவில்தான் நின்றார்கள். அதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நீங்கள் ஜீப்புக்கு வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறீர்கள். என் மேல் கோபம் என்று நான் நினைத்த அந்த முகத்தில் இருந்தது பயம். உங்கள் பையில் இருந்ததைக் கண்டு உங்களுக்கே வந்த பயம்.

உங்கள் மனைவி எல்லாம் படித்திருந்தார், அன்று நான் இறங்கி வந்தது ஊருக்கே தெரிந்த கதை. என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அன்னிக்கி நீங்க எறங்கலைன்னா இன்னா ஆயிருக்கும்?” இன்றுவரை தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது.

இப்போது மறுபடியும் எல்லையில் பதற்றம் என்கிறார்கள். டிவி மறுபடியும் கத்துகிறது. பத்து நாள் முன்பு ஆலோசனைக் கூட்டத்தில் உயர் அதிகாரி ஒருவர், நாட்டுப் பாதுகாப்பு விஷயம், ஒரு நிமிடம்கூடத் தாமதம் கூடாது, எல்லாத் தாசில்தார்களும் உத்தரவுப் படிவங்களில் கையெழுத்திட்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொடுத்து வையுங்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் மேலே யாரோ அவசரப்படுத்தியிருப்பார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் ஓடி வருகிறேன் சார், ஆனா பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இப்படிப் போட்டுக் கொடுத்தால் தவறு நடக்கும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் உண்டா என்று கேட்டார். அந்தக் காகிதம் இருந்த கைப்பை என் தோளில்தான் தொங்கியது. அதைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள், மறுத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம் இருக்கிறது. “எட்டு மாசந்தானே, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா” என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். காகிதத்தைச் சேர்த்தால் முதலில் மாட்டுவது நான். அதற்குக்கூட மனதைத் தேற்றிக்கொண்டேன். உங்களை என்ன செய்வது? ஸ்டேஷனில் உங்கள் படம் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் எழுத்தை மறைத்து என் கையெழுத்தை மட்டும் நகல் எடுக்கலாமா என்று ஜெராக்ஸ் கடை வரை போனேன். மெஷின் முன்னால் கையால் மறைத்துப் பார்த்தேன். மறுபடியும் பாதிக் காகிதமா என்று வெட்கமாகிவிட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் மனைவியைக் கேட்டேன். முதலில் கோபப்பட்டார். செத்தவர எதுக்குங்க இழுக்கறீங்க, படத்துக்கு மாலை போடுறவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது என்று போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. இன்று காலை அவரே கூப்பிட்டார். “அனுப்பிடுங்க. ஆனா முழுசா எழுதுங்க. அவரு எழுதுனதையும் எழுதுங்க, எழுதிட்டு உங்களாண்ட நடந்து வந்தாரே, அதையும் எழுதுங்க.”

அதைக் கேட்ட பிறகு சேக்காட்டுக்குப் போனேன். டிரான்ஸ்பார்மரிலிருந்து ஜீப் நின்ற இடம் வரை நடந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு எட்டு. மாவு மில்லுக்குப் போகிற ஒரு பெண்மணி, ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த நாற்பத்திரண்டு எட்டில் உங்கள் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று தடவை காகிதத்தைத்தான் கேட்டேன், உங்களை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துச் சோற்றை ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை.

பதிலை எழுதிவிட்டேன். ஐந்தரைப் பக்கம். இறங்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. 5.40க்கும் 5.55க்கும் நடுவில் நடந்தது முழுவதும் இருக்கிறது. தைரியமான இன்ஸ்பெக்டரும் தைரியமான தாசில்தாரும் இருந்ததால் அன்று உயிர்கள் பிழைக்கவில்லை, இருவருக்கும் பயம் இருந்ததால் பிழைத்தன, காகிதத்துக்குப் பயம் கிடையாது என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். அரசாங்கக் கடிதத்தில் இப்படியெல்லாம் எழுதக் கூடாதாம். என் வீட்டுக்காரர் அந்த வரியை அடித்துவிடச் சொன்னார், நான் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கொடுத்துவிடுவேன். என்ன ஆகும் என்று தெரியாது. உங்கள் காகிதத்தை மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார். நீங்கள் போட்ட அந்த இரண்டு கோடுகளும் நேராக இல்லை. இரண்டாவது கோடு பாதியில் நின்று, மறுபடியும் தொடங்கியிருக்கிறது.